புதனும் சனியும் வரும் புள்ளி

புதன்கிழமையும் சனிக்கிழமையும் எடுக்கிற படங்களில் மட்டும் தைராய்டு புற்றுநோய் ஏன் இத்தனை பேருக்குத் திரும்பி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

மற்ற நாட்களில் இருபது பேருக்குப் படம் எடுத்தால் ஒருவர் கழுத்தில் புள்ளி தெரியும். புதனிலும் சனியிலும் இருபதில் ஆறு பேருக்குத் தெரிந்தது. ஒரு மாதம் அப்படி என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பதினான்கு மாதமாக இதே கதை. புற்றுநோய் செல்லுக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியாது. ஆகவே தப்பு வேறெங்கோ இருக்கிறது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை.

திருநெல்வேலி புறவழிச்சாலையில் இருக்கும் இந்த ஸ்கேன் மையத்தில் நான் பதினெட்டு வருடமாக டெக்னீஷியன். பெயர் செண்பகவடிவு. நோயாளிகளுக்கு வடிவு மேடம். சென்னையில் இருக்கும் உதவி மையத்துக்கு, எனக்குத் தெரிந்தவரை, 'மறுபடியும் அந்தம்மா'.

"மேடம், மெஷின்ல ஃபால்ட் இல்ல," என்றாள் அந்த மையத்துப் பர்வீன். அந்த மாதத்தில் அது அவளோடு எனக்கு ஒன்பதாவது அழைப்பு. "நேத்துகூட இங்கிருந்தே செக் பண்ணிட்டோம்."

"நேத்து வியாழக்கிழமை. புதன்கிழமை செக் பண்ணுங்கன்னு கெஞ்சினேனே."

"புதனும் பண்ணோம் மேடம். ரெண்டு நாளும் ஒரே ரிசல்ட்."

"நோயாளிக்குக் குடுக்குற மாத்திரை?"

"வாரம் முழுக்க ஒரே பேட்ச்தான்."

"சரி, எங்கயாவது கறை பட்டிருக்கலாமில்ல? பழைய கேமரா காலத்துல இப்படி ஒரு புள்ளி தெரிஞ்சா, 'போயி கழுத்தக் கழுவிட்டு வாங்கம்மா'ன்னு அனுப்பி இன்னொரு படம் எடுப்போம். பாதி நேரம் புள்ளி காணாமப் போயிரும்."

"அதெல்லாம் 'தெளிவு'க்கே தெரியும் மேடம். கறைன்னா ஓரம் ஒழுங்கா இருக்காது, வழிஞ்சிருக்கும், தேய்ஞ்சிருக்கும். அதை அதுவே கழிச்சிடும். உங்க மையத்துல வர்றது பட்டாணி மாதிரி உருண்டையா, அளவா இருக்கு. தோலுக்கு அடியில இருக்கிற நெறிகட்டி அப்படித்தான் தெரியும்."

தெளிவு என்பது மூன்று வருடத்துக்கு முன் மாநிலம் முழுவதும் வந்த அமைப்பு. படுக்கையில் படுத்தால் பதினொரு நிமிடத்தில் படத்தை எடுத்து, தானே படித்து, தீர்ப்பும் சொல்லிவிடும். 'இல்லை' அல்லது 'மீள்வு'; அதாவது நோய் இல்லை, அல்லது திரும்பி வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை மனிதர் யாரும் மாற்றக் கூடாது என்பது சட்டம். சட்டம் கொண்டு வந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முன்பு ஒரே படத்தை இரண்டு பேர் பார்த்து இரண்டு பதில் சொன்னோம். சொன்ன பதிலால் ஆட்கள் செத்தும் போனார்கள். ஒரு தடவை எடுத்தால் தொண்ணூறு நாளைக்கு மறுபடி எடுக்கவும் முடியாது. நாங்கள் தேவையில்லாமல் எடுத்துத் தள்ளியதற்கு அது தண்டனை.

நானும் சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை வெறும் படுக்கையைப் படம் எடுத்தேன், புள்ளி இல்லை. பிளாஸ்டிக் கழுத்து பொம்மையில் தண்ணீர் நிரப்பிப் படுக்க வைத்தேன், இல்லை. தலையணையை மாற்றினேன், மின்சாரத்தை அளந்தேன், துப்புரவுப் பணியாளரிடம் எந்த நாள் எந்த பினாயில் என்று விசாரித்து அவருடைய கோபத்தையும் வாங்கிக்கொண்டேன். பொம்மைக்கு வராத புற்றுநோய் மனிதருக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, பர்வீனிடம் பேசி முடித்த கையோடு, உலகம்மை மாத்திரை விழுங்க வந்தாள்.

உலகம்மைக்கு முப்பத்தெட்டு வயது. வாழைத்தார் மண்டியில் ஏலம் விடுகிறவள். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழு மணி வரை அவள் வாய் மூடாது. இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் கட்டி வந்து தைராய்டை எடுத்துவிட்டார்கள். போன வருடம் எடுத்த படத்தில் தெளிவு 'மீள்வு' என்றது. பெரிய அளவில் அயோடின் கொடுத்து, ஈயச் சுவர் அறையில் மூன்று நாள் வைத்திருந்தோம். அதிலிருந்து பாதி எச்சில் போய்விட்டது. இப்போது நாலு தாருக்கு ஒரு தடவை பாட்டிலைத் திறந்து வாயை நனைத்துக்கொண்டுதான் ஏலம்.

"யக்கா, ரெண்டு வாரமா மீன் இல்ல, பால் இல்ல, பாக்கெட் உப்பு இல்ல. போடுத தைராய்டு மாத்திரையவும் நிறுத்திட்டிய. மாட்டுக்குப் போடுத தீவனத்துலகூட ருசி இருக்கும்," என்றாள். "எதுக்கு இந்தப் பட்டினி? வெவரமாச் சொல்லுங்க. போன தடவ கேட்டதுக்கு ஒரு பேப்பரத் தந்து அனுப்பிட்டிய."

விளக்கச் சொன்னால் எனக்கு எரிச்சல் எல்லாம் மறந்துவிடும்.

"ஊரே ரெண்டு வாரம் பட்டினி கிடக்குன்னு வை. திடீர்னு நடுத்தெருவுல ஒரு சோத்துப் பானைய எறக்குனா யாரு முதல்ல ஓடி வருவா?"

"பசிச்சவன்."

"தைராய்டு செல்லுக்குச் சோறு அயோடின். ஒடம்புல வேற எதுவும் அத அப்படி அள்ளி அள்ளித் திங்காது. அதுகளப் பட்டினி போட்டுட்டு இந்த மாத்திரையில கொஞ்சம் அயோடினக் குடுக்கோம். இது சாதாரண அயோடின் இல்ல. போற எடத்துலருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி விட்டுக்கிட்டே இருக்கும். உனக்குத் தைராய்டே இல்ல. அப்பம் கழுத்துல எதுவும் ஒளிவிடக் கூடாது. விட்டா, எங்கயோ ஒரு பசிச்ச செல்லு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"அந்தச் செல்லு அரிசியளவு இருந்தாலும் தெரியுமோ?"

"அரிசிய நூறு துண்டாக்கி அதுல ஒரு துண்டு இருந்தாலும் இந்த மெஷினுக்குத் தெரியும்."

"அம்புட்டு கண்ணு நல்லதுக்கில்லக்கா," என்று மாத்திரையை வாயில் போட்டாள். "இந்தத் தடவயும் மீள்வுன்னு வந்தா?"

"போன தடவையவிடப் பெரிய டோஸ்."

"மிச்ச எச்சிலும் போயிருமா?"

நான் பொய் சொல்வதில்லை. தைராய்டுக்கு அடுத்தபடியாக அயோடினை இழுத்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று எச்சில் சுரப்பி. சிகிச்சை டோஸ் அதையும் சேர்த்துப் பொசுக்கும். "போயிரலாம்," என்றேன்.

அவள் தண்ணீரை விழுங்கி, கிளாஸை மேசையில் வைத்தாள். "அப்பம் மண்டிக்குப் போக வேண்டாம். வாயத் தொறந்தா காத்துதான் வரும். வேற என்ன வேல தெரியும் எனக்கு?"

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு அவளைப் படுக்க வைத்தேன். பதினொரு நிமிடம். திரையில் கழுத்துத் தழும்புக்கு நேரே பட்டாணி அளவில், உருண்டையாக, அளவெடுத்தது போல ஒரு புள்ளி. கீழே எழுத்து வந்தது: மீள்வு. சிகிச்சை நாள்: திங்கள், ஒன்பது நாள் கழித்து.

நான் டாக்டர் எஸ்தரின் அறைக்குப் போனேன். எங்கள் மையத்தின் ஒரே டாக்டர். நாற்பது வயதுக்குள் அறுபது வயதுக்கான பெருமூச்சு விடுகிறவர்.

"ரத்தப் பரிசோதனை என்ன சொல்லுது டாக்டர்?"

"இவங்களுக்கு அது எதுவும் சொல்லாது வடிவு. ரத்தத்துல அந்தப் புரோட்டீன அளந்துதான் நோய் இருக்கா இல்லையான்னு சொல்லுவோம். இவங்க ஒடம்பு அந்தப் புரோட்டீனுக்கே எதிர்ப்பு உண்டாக்கி வச்சிருக்கு. அளவு பொய்யா காட்டும். படம் ஒண்ணுதான் கதி."

"படம் சனிக்கிழமைப் படம்."

"தெரியும். சனிக்கிழமைன்னு எழுத படிவத்துல எடம் இருக்கா?"

இல்லை. மேல்முறையீட்டுப் படிவத்தில் இரண்டே கட்டம். ஒன்று: இயந்திரக் கோளாறு. இரண்டு: ஆள் மாறாட்டம். இயந்திரத்தில் கோளாறு இல்லை என்று பர்வீன் ஒன்பது தடவை சொல்லிவிட்டாள். உலகம்மையை வேறு யாரோடும் மாற்றிக் குழப்ப யாராலும் முடியாது. மூன்றாவதாக ஒரு காரணம் உலகத்தில் இருக்கலாம் என்று அந்தப் படிவத்தைச் செய்தவனுக்குத் தோன்றவே இல்லை.

எரிச்சலில் கைக்கருவியை எடுத்தேன். கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் டிக் டிக் என்று அடிக்கும் பழைய கருவி. தெளிவு வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. படுக்கையை நூறாவது தடவையாகத் துழாவினேன், ஒன்றுமில்லை. சுவர், கதவுக் கைப்பிடி; ஒன்றுமில்லை. அப்படியே துழாவிக்கொண்டு காத்திருக்கும் கூடத்துக்கு வந்தேன்.

உலகம்மையின் கணவர் பால்துரை எழுந்து வந்தார். ஆறடி ஆள். தானாக ஓடும் லாரியில் சட்டத்துக்காக முன் இருக்கையில் உட்கார்ந்து தூத்துக்குடிக்கும் ஓசூருக்கும் போய் வரும் டிரைவர். உலகம்மை தள்ளி, கடைசி வரிசையில் இருந்தாள். மாத்திரை விழுங்கியவர்கள் இரண்டு நாளைக்கு ஆளை விட்டு விலகி இருக்க வேண்டும் என்பதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற குடும்பம்.

"மேடம், ஏதாவது பார்த்துச் செய்யுங்க," என்று பால்துரை கையெடுத்துக் கும்பிட்டார்.

கைக்கருவி வெறி பிடித்தது போல் அடித்தது.

நான் ஓர் அடி பின்னால் போனேன். அடங்கியது. முன்னால் வந்தேன். அடித்தது.

"நீங்க அந்த மாத்திரையத் தின்னீங்களா?"

"நானா? எனக்கு எதுக்கு மேடம்?"

கருவியை அவர் தலையிலிருந்து இறக்கினேன். தலையில் இல்லை. கழுத்தில் இல்லை. சட்டைப் பையில் படபடவென்று அடித்தது. பிறகு கைகள். இடது கையில் அமைதி. வலது கையில், சரியாகச் சொன்னால் கட்டைவிரல் நுனியில், மழை பெய்தது. அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஆறடி ஆள், மிட்டாய் திருடிய பிள்ளை மாதிரி.

"பைல என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமில்லாததுக்கு இது அடிக்காது."

"ஏட்டி, நீ சொல்லேன்," என்று அவர் மனைவியைப் பார்த்தார்.

"செஞ்சது நீங்க. நீங்களே சொல்லுங்க," என்றாள் அவள் கடைசி வரிசையிலிருந்து. "வேண்டாம் வேண்டாம்னு தலப்பாடா அடிச்சேன்."

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. அதற்குள் ஈரம் காய்ந்து கட்டியாகிப்போன திருநீறு.

"நேத்து வெள்ளிக்கெழம," என்றார் பால்துரை. "விளக்கு வைக்கித நேரம் சுத்திப்போட்டேன் மேடம். உப்பு, மொளகா, தெருமண்ணு, கொஞ்சம் திருநீறு. மூணு சுத்து சுத்தி, அவளத் துப்பச் சொன்னேன். மூணு தடவ துப்புனா. உப்பு மொளகாயத் தீயில போட்டுட்டுத் திருநீற மட்டும் மடிச்சு வச்சுக்கிட்டேன். காலைல பொறப்படும்போது அந்தத் தழும்புல ஒரு பொட்டு. எல்லாரு கண்ணும் அந்தத் தழும்புமேலதான படுது."

"படுக்கப் போறதுக்கு முன்னால கழுத்துல திருநீறு இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கோமே."

"தொடச்சுட்டோம் மேடம். துண்ட வச்சு நல்லாத் தொடச்சேன். வெள்ளையே தெரியாது."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளைதான் போகும். மாத்திரையில் இருக்கும் அயோடினை எச்சில் சுரப்பி இழுத்து எச்சிலில் விடும். அன்று மாலை அவள் துப்பிய மூன்று துப்பிலும் அது கொட்டிக் கிடந்திருக்கும். அதில் நனைந்த திருநீற்றைக் கட்டைவிரலால் தொட்டுத் தழும்பில் அழுத்தினால் என்ன ஆகும்? துண்டால் துடைத்தால் சாம்பல் வரும். தோலில் இறங்கிய அயோடின் வராது. கட்டைவிரல் நுனி வழியாது, தேயாது. பட்டாணி மாதிரி உருண்டையாக, அளவாக ஒரு முத்திரை வைக்கும்.

"செவ்வாக்கிழமையும் செய்வாங்களா?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"செவ்வா வெள்ளிதான மேடம் செய்யணும். நாயித்துக்கெழமயும் செய்யலாம்."

செவ்வாய் மாத்திரை விழுங்கியவர்களுக்குப் புதன் படம். வெள்ளி விழுங்கியவர்களுக்குச் சனி. ஞாயிறு எங்களுக்கு விடுமுறை; அன்று மாத்திரை இல்லாததால் திங்களன்று படமும் இல்லை.

"எங்க கத்துக்கிட்டீங்க இத?"

"இந்த பெஞ்சுலதான். இதே ஊர்க்காரரு ஒருத்தரு சொன்னாரு. நானும் ஒரு பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். இங்க வாரவங்க எல்லாருக்கும் மீள்வு மீள்வுன்னு வருதே, பயம் இருக்காதா?"

அதுதான் என் தலையில் இடித்தது. பொட்டு வைத்ததால் மீள்வு. மீள்வைப் பார்த்துப் பயந்து, அடுத்த குடும்பம் பொட்டு. பதினான்கு மாதமாக இந்தப் பெஞ்சில் பயம் குட்டி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஒரு தடவகூட எங்கிட்டச் சொல்லல நீங்க."

"எப்படிச் சொல்ல? நீங்கதான் போர்டு போட்டிருக்கியளே." அவர் இடது கையால் சுவரைக் காட்டினார். 'இங்கே பூசை, மந்திரிப்பு, சுத்திப்போடுதல் கூடாது.' என் கையெழுத்து.

அதை நான் ஒட்டிய கதை இது. அதுவரை மாத்திரை விழுங்க உள்ளே போவதற்கு முன்னால், இந்தக் கூடத்திலேயே ஆளாளுக்குச் சுத்திப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒரு நாள் ஒருவர் சுத்திப்போட்ட எலுமிச்சம்பழம் உருண்டுபோய்த் தானியங்கிக் கதவின் தடத்தில் மாட்டிக்கொண்டது. கதவு மூடாமல் முக்கால் நாள் வேலை கெட்டது. நான் கத்தித் தீர்த்துவிட்டு, பேப்பர் எடுத்து எழுதி ஒட்டினேன்.

ஒட்டியது எப்போது? பதினைந்து மாதம் இருக்கும்.

அன்றுமுதல் யாரும் கூடத்தில் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்ச் செய்தார்கள். அதாவது, மாத்திரை விழுங்கிய பிறகு.

நான் பினாயிலையும் மின்சாரத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

உலகம்மையைக் கழுவும் அறைக்குக் கூட்டிப்போனேன். கருவியைத் தழும்பில் வைத்தேன், கொட்டியது. சோப்பு, வெந்நீர், மறுபடி சோப்பு. கருவியை வைத்தேன். உடம்புக்குள் ஓடும் அயோடினுக்கு அடிக்க வேண்டிய அளவு மட்டும் மெல்ல அடித்தது.

வாசலில் நின்ற பால்துரை எட்டிப் பார்த்தார். "கழுவுனா கேன்சர் போயிருமா மேடம்?"

"இது போயிரும்."

ஆனால் கைக்கருவியின் டிக் டிக்கைத் தெளிவு சாட்சியாக ஏற்றுக்கொள்ளாது. உலகம்மையை மறுபடி படுக்க வைக்கத் தொண்ணூறு நாள் பூட்டு. ஒன்பது நாளில் சிகிச்சை. பொட்டுக்கு அடியில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். கழுவினதும் நிம்மதி என்று நான் வீட்டுக்குப் போய்விட முடியாது.

"டாக்டர், இன்னொரு ஆளுக்குப் படம் எடுக்கக் கையெழுத்துப் போடுங்க," என்றேன்.

"யாருக்கு?"

"பால்துரைக்கு."

டாக்டர் எஸ்தர் என்னைப் பார்த்தார், பால்துரையைப் பார்த்தார். "இவருக்கு என்ன நோய்?"

"ஒண்ணுமில்ல. அதுதான் வேணும்."

"காரணம்னு என்ன எழுத?"

"சந்தேகம்னு எழுதுங்க."

"யாருக்குச் சந்தேகம்?"

"எனக்கு."

கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் விட்ட பெருமூச்சுகளில் அது ஒன்றுதான் சிரிப்பில் முடிந்தது.

பால்துரையிடம், "காலைல அவளுக்குச் செஞ்சத அப்படியே ஒமக்குச் செய்யும். அதே எடத்துல ஒரு பொட்டு. பெறவு துண்டால தொடச்சிரும்," என்றேன். பொட்டலத்தில் கட்டைவிரலைத் தொட்டுத் தன் கழுத்தில் வைத்து, துடைத்து, காலை நீட்டிப் படுத்தார். கால் படுக்கைக்கு வெளியே நின்றது. எங்கள் மையத்துக்குத் தைராய்டு எடுத்தவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்பதால், 'உங்களுக்கு அறுவை நடந்ததா' என்ற கேள்வியையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த முட்டாள்தனத்துக்கு நன்றி சொன்னேன்.

பதினொரு நிமிடம். மீள்வு. உறுதி தொண்ணூற்றேழு விழுக்காடு. சிகிச்சை நாள்: திங்கள்.

"எனக்குமா?" என்று எழுந்து உட்கார்ந்தார் பால்துரை.

"ரெண்டு பேரும் ஒரே ரூம்ல மூணு நாள் இருக்கலாம்," என்றாள் உலகம்மை. "கல்யாணம் ஆனதுக்கு இப்பத்தான் ஒரு எடம் கூட்டிட்டுப் போறிய."

பத்தாவது தடவையாக பர்வீனை அழைத்தேன். இரண்டு படங்களையும் அனுப்பிவிட்டு, "இந்த ஆளு கழுத்துல கத்தியே படல. தைராய்டு முழுசா உள்ள இருக்கு. புற்றுநோய் முதல்ல வரவே இல்ல. வராதது எப்படிம்மா திரும்பி வரும்?" என்றேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மெஷின் பார்த்தது கரெக்ட்தான் மேடம். அங்க அயோடின் இருக்கு. ஏன் இருக்குன்னு கேட்கத்தான் அதுக்குத் தெரியல," என்றாள். "படிவத்துல மூணாவது கட்டம் போடச் சொல்லி எழுதறேன். ஆனா அது வர மூணு மாசம் ஆகும். இப்போ ஒண்ணாவது கட்டத்துல டிக் பண்ணி அனுப்புங்க. இயந்திரக் கோளாறுன்னு நான் ஒத்துக்கறேன்."

"ஒனக்குத் திட்டு விழாதா?"

"விழும் மேடம். பரவாயில்ல. எங்கம்மாவும் செவ்வாக்கிழமை சுத்திப்போடுவாங்க."

மூன்று மணிக்குப் பூட்டு திறந்தது. மூன்றரைக்கு உலகம்மையை மறுபடி படுக்க வைத்தேன். திரையில் வயிறும் சிறுநீர்ப்பையும் ஒளிர்ந்தன, ஒளிர வேண்டியவை. எச்சில் சுரப்பிகள் மங்கலாக ஒளிர்ந்தன. கழுத்து இருட்டாக இருந்தது. எழுத்து வந்தது: இல்லை.

அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"யக்கா, போன வருசம் எனக்குப் படம் எடுத்தது என்ன கெழம?"

நான் பார்க்க வேண்டியதே இல்லை. "புதன்."

"அப்பயும் இவிய பொட்டு வச்சாவ."

பால்துரை கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்தார். அப்புறம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். "அப்பம் நான்தான் ஒன் வாயக் காய வச்சேனா?"

"நான் போட்ட போர்டு," என்றேன்.

"ரெண்டு பேரும் போட்டி போடாதிய," என்றாள் உலகம்மை. பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு வாயில் வைத்து, நிதானமாக விழுங்கினாள். "நானும்தான துப்புனேன். மூணு தடவ. மிச்சம் பாதி எச்சில் இருக்கு. அத வச்சு ஏலம் விட்டுக்கிடுதேன். மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறிய?"

டாக்டர் எஸ்தர் அன்று மாலையே பழைய தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினான்கு மாதத்தில் புதனிலும் சனியிலும் 'மீள்வு' வாங்கியவர்களில் யாருக்கு நிஜம், யாருக்குப் பொட்டு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அதையே சொல்லத் தொடங்கினார். சிலர் அழுதார்கள். ஒருவர் என் பெயரைச் சொல்லித் திட்டினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பழைய போர்டைக் கிழித்துவிட்டு, புதிதாக விவரமாக ஒன்று எழுதினேன். எச்சில், அயோடின், கட்டைவிரல், எல்லாம் படம் போட்டு. எல்லாரும் நின்று வாசித்தார்கள். பொட்டு வைத்தீர்களா என்று கேட்டால் இல்லவே இல்லை என்றார்கள். அந்தப் புதன்கிழமை இருபதில் ஐந்து பேருக்குப் புள்ளி.

"எம்மேல கோபப்படாதீங்க மேடம், வேற என்ன செய்ய?" என்றாள் ஒரு பெண். "பயமா இருந்துச்சு."

உலகம்மைக்கு போனில் சொல்லிப் புலம்பினேன். மண்டி இரைச்சலுக்கு மேலே அவள் குரல் வந்தது. "செய்யாதன்னா ஒளிச்சுத்தான் செய்வாவ. எப்பம் செய்யணும்னு சொல்லுங்கக்கா. நம்ம சொன்னா கேப்பாவ."

அடுத்த செவ்வாயிலிருந்து மாத்திரை அறைக்கு வெளியே ஒரு மேசை போட்டோம். தட்டில் கல்லுப்பு, மிளகாய் வற்றல், ஒரு கிண்ணத்தில் தெருமண், இன்னொன்றில் திருநீறு, துப்புவதற்குக் காகிதக் குவளை. தட்டில் இருப்பதை வாங்கிக்கொண்டு போய்ப் பின்வாசலில் எரிக்க ஓர் ஆள். எலுமிச்சம்பழம் மட்டும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்திடமும் நானே உட்கார்ந்து, பட்டினி கிடக்கும் ஊரிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்கிறேன். பர்வீன் இதைத் தெளிவின் வேலைமுறையில் ஒரு படியாகச் சேர்க்க வைத்தாள். அந்தப் படியில் நான் டிக் போடாவிட்டால் இயந்திரம் படமெடுக்கத் தொடங்காது. இப்போது எல்லா நாளும் இருபதில் ஒருவருக்குத்தான் புள்ளி தெரிகிறது, தெரிகிற புள்ளியை நம்பலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மாத்திரை விழுங்குவதற்கு முன்பே சுத்திப்போட்டுவிட வேண்டும், விழுங்கிய பிறகு நோயாளியின் எச்சில் யார் விரலிலும் படக் கூடாது, படம் எடுக்கப் படுப்பதற்கு முன் கழுத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும்.